கொக்கி மாட்டிய சத்தம்

பிப்ரவரி 11, செவ்வாய்

டிப்போவில் இன்று மூன்று பஸ். இரண்டுக்கு ஸ்டியரிங் பம்ப், ஒன்றுக்குக் கதவு. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தம்பி வேலியில் நிற்கிறான். வேலி ஓரத்தில் இல்லை, வேலிக்குள். டிராக்டரின் மூக்கு முழுக்கச் செடிக்குள் புதைந்திருந்தது. இடது கையில் இருந்த ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, அதே கையைக் குறுக்கே கொண்டுபோய் வலப்பக்க லீவரை இழுக்கப் பார்த்திருக்கிறான். "மாமனாருக்கு இன்னிக்கு நல்ல பசி" என்று சிரித்தான்.

மாமனார் என்பது அந்த டிராக்டர். ஐம்பது வருஷப் பழசு. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் தோட்டத்திலிருந்து ஏலத்தில் எடுத்தான். காலையில் மரியாதையாக நடந்துகொண்டால்தான் கிளம்பும், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். "கல்யாணம் ஆகலைன்னா என்ன, மாமனார் இருக்காரே" என்பான். புல் வெட்டுவதுதான் அவன் பிழைப்பு. பள்ளி மைதானம், ஆஸ்பத்திரி வளாகம், குடியிருப்புகள். டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் கத்திகளை மூடியபடி ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது. டெக் என்போம். அறுபது கிலோ. பாதை வந்தாலும் கல் வந்தாலும் அதைத் தூக்க வேண்டும். அதற்குத்தான் வலப்பக்கம் அந்த நீள லீவர். பல்லில் கொக்கி மாட்டும்வரை இழுத்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

அவன் வலது கையில் இப்போது இருப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான்.

டீ குடிக்கும்போது கேட்டான். "உங்க பஸ்ஸுல ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ற பம்ப் இருக்குல்ல அக்கா. அதை மாமனாருக்கு மாட்டி டெக்கைத் தூக்க வைக்க முடியுமா?"

முடியும் என்று எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். "பார்க்கலாம்" என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

ஏன் "பார்க்கலாம்" என்றேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

பள்ளியிலிருந்து மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மைதானப் பராமரிப்பு வேலை, மைதானத்துக்குப் பின்னால் தங்க ஓர் அறை. போன ஆகஸ்டில் கொடுத்த அதே வேலை. இடையில் வைத்த ஆள் நிற்கவில்லையாம். தலைமையாசிரியைக்குத் தம்பியைத்தான் பிடித்திருக்கிறது. ஒரே நிபந்தனை, உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக வெட்ட முடிய வேண்டும். மே மாதம் ஒருநாள் வெட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

இப்போது வேலைக்குப் போகும்போதெல்லாம் லீவர் இழுக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறான். விடுமுறை நாளில் நான் போகிறேன்.

அப்பா, அம்மா போன பிறகு பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவனுக்கு முப்பத்தொன்பது, எனக்கு நாற்பத்தாறு. கூடத்தின் இந்தக் கோடியில் என் கட்டில், அந்தக் கோடியில் அவன் கட்டில். தும்மினால் யார் தும்மியது என்று கேட்க வேண்டியதில்லை.

பம்ப் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

பழைய இரும்புக் கடையில் பாதி நாள். நசுங்கிய கார் ஒன்றிலிருந்து பம்ப், மூட்டை தூக்கும் வண்டி ஒன்றிலிருந்து முழங்கை நீளத்தில் சிலிண்டர், எண்ணெயை மேலும் கீழும் திருப்பிவிடும் கை வால்வு ஒன்று. பம்பைக் கையால் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. நல்ல பம்ப்.

தம்பி எல்லாவற்றையும் சாக்கு விரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு புதுக் கல்யாணப் பெண்ணின் நகையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மார்ச் 2, ஞாயிறு

முழு நாளும் கொட்டகையில். என்ஜினின் முன் சக்கரத்திலிருந்து பம்புக்கு பெல்ட். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், நூல் பிடித்துப் பார்த்துப் பார்த்து மூன்று முறை கழற்றி மாட்டினோம். அளவு நாடாவின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவன் அளவு சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். இரண்டு விரலால் எவ்வளவோ செய்யப் பழகிவிட்டான்.

சிலிண்டரைத் தாங்க ஒரு பிராக்கெட் வேண்டும். அதைச் சட்டத்தோடு வெல்டிங் வைப்பதுதான் சரி. சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அந்த ஆள் வெச்ச வெல்டிங்கை நம்பித்தான் கையை உள்ள விட்டேன். இன்னொரு தடவையா?"

நட்டு போல்ட் போட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

டிப்போவில் பஸ்ஸுக்கு ஜாக் வைத்துப் பூட்டுகிறேன். குனிந்து பார்க்கிறேன். எழுந்து, மறுபடி குனிந்து பார்க்கிறேன். "மூணாவது தடவைம்மா" என்றார் மேஸ்திரி. எண்ணிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

வெல்டரைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் கடை. தம்பியும் அவரும் பதினோரு வருஷச் சிநேகிதம். சாயங்காலம் கடை வாசலில் இரண்டு பேரும் செஸ் ஆடினால் தெருவே சுற்றி நிற்கும். போன ஆகஸ்டில் டிராக்டர் லீவரின் கொக்கி தேய்ந்துவிட்டது என்று அவர்தான் வெல்டிங் வைத்துப் பல்லை நிமிர்த்திக் கொடுத்தார். எட்டாம் நாள் தம்பியின் கை டெக்குக்கு அடியில் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எப்படி ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். கொக்கி நழுவிவிட்டது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வெல்டர் பெயரை நான் எடுக்கவே இல்லை. மீதியைத் தெரு சொல்லிக்கொண்டது. கட்டுப் போட்ட கையோடு தம்பி அவர் கடைக்குப் போய் அந்தக் கொக்கியை வீசி எறிந்துவிட்டு வந்தான், லீவருக்கு வேறு கொக்கி வாங்கி மாட்டினான். பள்ளி கேட் வேலை அவருக்கு வரவேண்டியது, வரவில்லை. கடையில் இப்போது பாதி ஷட்டர்தான் திறந்திருக்கிறது.

நான் அவர் பெயரை எடுக்கவில்லை. எவ்வளவு நல்லவள்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கிவிட்டது!

எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, என்ஜினை ஓடவிட்டு, வால்வின் சின்னக் கைப்பிடியைத் தம்பி இரண்டு விரலால் தள்ளினான். அறுபது கிலோ டெக் பூனைக்குட்டி மாதிரி எழுந்து வந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. இருபது தடவையாவது செய்திருப்பான். "மாமனார் எனக்கு எழுந்து நிக்கிறார் பார்" என்றான். அழுதுவிடுவானோ என்று பயந்தேன். அழவில்லை. நான்தான் எண்ணெய் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

டெக்கை மேலே தூக்கிய நிலையிலேயே நிறுத்திவிட்டு வந்தோம்.

மார்ச் 10, திங்கள்

காலையில் பார்த்தால் டெக் தரையில் கிடக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும். தூக்கி வைத்துவிட்டுப் போனோம். விடிந்தால் தரையில்.

"அவருக்கும் வயசாச்சு, உக்காந்துட்டார்" என்கிறான் தம்பி. வால்வில் கசிவு. எண்ணெய் துளித்துளியாகத் திரும்பிப் போகிறது. டிப்போவில் என்றால் ஒரு மணி நேர வேலை.

மார்ச் 13, வியாழன்

தம்பி நேற்றும் கேட்டான், இன்றும் கேட்டான். தேவையான பொருள் கிடைக்கவில்லை என்றேன். பொருள் என் பெட்டியிலேயே இருக்கிறது.

மார்ச் 15, சனி

தம்பி பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, கையால் தள்ளும் புல்வெட்டு மெஷினோடு ஆஸ்பத்திரி வளாகத்துக்குப் போயிருந்தான். காலை பத்து மணிக்கு டெக்கை முழுக்கத் தூக்கி என்ஜினை நிறுத்தினேன். எதிரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. கால் மணி நேரம் கழித்து, டெக்குக்குப் பின்னால் சுவரில் இருந்த ஆணி ஒன்று மறைந்துவிட்டது. முன்னால் அது டெக்கின் விளிம்புக்கு மேலே தெரிந்ததா, கீழே தெரிந்ததா என்று நினைத்துப் பார்த்து, கீழேதான் என்று புரிந்தது. யாரோ கையால் பிடித்து, எனக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல இறக்குவது போல. நாற்பத்தைந்து நிமிஷத்தில் நான்கு விரற்கடை இறங்கியது. நான் எழுந்திருக்கவே இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை என்றால் பிறகு எங்கே?

அன்று கொட்டகை வாசல் சிமெண்ட் சரிவில் டிராக்டர் நின்றது. என்ஜின் ஓடவில்லை. கத்தியில் ஈரப்புல் சுற்றிக்கொண்டிருந்தது. "டெக்கைத் தூக்கு அக்கா, ஒரு நிமிஷம்" என்று கையை உள்ளே விட்டான். நான் லீவரை இழுத்தேன். கொக்கி பல்லில் மாட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இருபது வருஷமாக இரும்போடு இருக்கிறவள், அந்தச் சத்தத்துக்குத்தான் காது காத்திருக்கும். வரவில்லை. வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது, பை எடுக்கத் திரும்பினேன். இதுதான் காரணம் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முந்தின நாள்தான் அவன் பள்ளி அறையைப் பற்றிச் சொல்லியிருந்தான். அடுத்த வாரமே போய்விடுவதாக. சந்தோஷமாகச் சொன்னான். நான் ராத்திரி சாப்பிடவில்லை. காலையிலும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்தக் கோபம் என் கையில் இருந்ததா? இல்லைன்னு யார்கிட்ட சத்தியம் பண்ணுவேன்? கை போச்சு, அவன் போகலை. எனக்கு வேண்டியது நடந்துடுச்சு இல்ல?

இப்போது அதே அறை திரும்ப வந்திருக்கிறது. நான் ஒரு வாரமாக ஒரு வால்வைச் சரிசெய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சரிசெய்துவிட்டேன். முதலில் சிலிண்டரின் வாயை அடைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. சிலிண்டர் மேல் குற்றமில்லை. எண்ணெயைத் திரும்பவிடாமல் பூட்டுகிற வால்வு ஒன்றை இடையில் சேர்த்தேன்.

மார்ச் 17, திங்கள்

விடிகாலையில் போய்ப் பார்த்தேன். மேலேயே நிற்கிறது.

மார்ச் 29, சனி

குடியிருப்பு ஒன்றில் தம்பி தனியாக வெட்டினான், நான் ஓரமாக நின்று பார்த்தேன். அருமையாகப் போயிற்று. கடைசி வரிசையில் கரகரவென்று ஒரு சத்தம். பிராக்கெட்டின் போல்ட் துளைகள் முட்டை வடிவத்துக்கு இழுபட்டுவிட்டன, பிராக்கெட் சாய்ந்துவிட்டது. இன்னும் நாலு தடவை தூக்கினால் பிய்ந்து விழும்.

வெல்டிங் இல்லாமல் முடியாது. வேறு வெல்டர் என்றால் ஊரின் அந்தக் கோடி. வண்டி ஏற்றிக் கொண்டுபோகலாம் என்கிறான் தம்பி. தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ட்யூட்டி முடிந்து நேராக வெல்டர் கடைக்குப் போனேன். ஒரு பழைய ஸ்டூலுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தார். பிராக்கெட்டின் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேஜை அறையை இழுத்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். தம்பி வீசிவிட்டு வந்த கொக்கி.

"பாரும்மா. நீ மெக்கானிக், உனக்கு நான் சொல்ல வேண்டாம். பல் உடையலை. வெல்டிங் விடலை. வழுக்கியிருந்தா முனையில கீறல் இருக்கும், அதுவும் இல்லை. இது மாட்டவே இல்லை."

கையில் எடுத்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்?

அப்படியானால் ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கேட்க வெட்கமில்லை.

"கை போனவன் முன்னாடி போய், என் வெல்டிங் சரிதான்னு காட்டச் சொல்றியா?"

அண்ணா, நான்தான் அன்றைக்கு... என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "லீவர்ல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லி உனக்கு என்ன ஆகப்போகுது?"

கொக்கியைத் திரும்பச் சுற்றி உள்ளே வைத்துவிட்டு ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். "உப்பு வேணுமா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

மாட்டாத கொக்கியின் சத்தம் எப்படி இருக்கும்? ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அதுதான் எனக்கு நாளெல்லாம் கேட்கிறது. பஸ் என்ஜின் நின்ற உடனே, குழாயை மூடிய உடனே, அவன் கதவைச் சாத்திவிட்டுப் போன உடனே.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கொட்டகையில், மதியம். அவன் சாய்ந்த பிராக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெல்டிங் உடையவில்லைடா, லீவரை விட்டது நான் என்றேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. என்னைச் சமாதானப்படுத்த வந்தான். நழுவினதுக்கு நீ என்ன பண்ணுவே என்றான். இல்லை, கொக்கி மாட்டவில்லை, மாட்டவில்லை என்று எனக்குத் தெரியும் என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சத்தம் கேக்கலைன்னு தெரிஞ்சுதான் கையை எடுத்தியா?"

"தெரிஞ்சுதான்."

கழற்றிய போல்ட்டுகளைத் துணியில் போட்டு முடிந்தான்.

"முந்தின நாள் ரூம் விஷயம் சொன்னேனே. அதுக்காகவா?"

"தெரியலைடா. அது மட்டும் எனக்கே இன்னும் தெரியலை."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்து, அளவு வரிசையில் பெட்டிக்குள் வைத்தான். எல்லாவற்றையும் இடது கையால். பெட்டியை மூடினான். வெளியே போய்விட்டான். வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். என் முன்னால் அந்தக் கையை அவன் இதுவரை மறைத்ததே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசவில்லை. சமைத்து வைத்ததைச் சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான். கட்டிலைக் கூடத்திலிருந்து கொட்டகைப் பக்க அறைக்கு இழுத்துப் போய்விட்டான். நான் பிடிக்கப் போனேன். நின்றுவிட்டான், நான் விலகும்வரை.

ஏப்ரல் 12, சனி

தெருமுனையில் இரண்டு பேரையும் பார்த்தேன். வெல்டர் ஸ்டூலில், தம்பி வாசல் கல்லில். அவர்களும் பேசிக்கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுத்த சந்தில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

வீட்டுக்கு வரும்போது கொட்டகையில் நீல வெளிச்சம். வெல்டர் முகமூடியோடு குனிந்திருந்தார், தம்பி பிராக்கெட்டை இடுக்கியால் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தான். வாசலிலேயே நின்றேன். முடித்துவிட்டு வெல்டர் முகமூடியைத் தூக்கி, "தண்ணி குடும்மா" என்றார். இரண்டு தம்ளர் கொண்டுபோனேன். தம்பியும் எடுத்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் எடுத்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு அந்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். அடுக்கி வைத்த நாணயங்கள்போல் ஒரே சீராக இருந்தது. இந்தக் கையையா தெருவே நம்பாமல் போனது.

ஏப்ரல் 26, சனி

கடைத்தெருவுக்குப் போனேன். பால் கடை, மருந்துக் கடை, மளிகை, சைக்கிள் கடை, தையல்காரர். ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு: வெல்டிங்கில் குறை இல்லை, லீவரை விட்டது நான், இவ்வளவு நாள் மறைத்ததும் நான். மளிகைக்காரர் அதெல்லாம் பழைய கதை, விடுங்க என்றார். மருந்துக் கடைப் பெண் மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேஜையில் வைத்தாள். பள்ளிக்கும் போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை உங்க தம்பி சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மே 13, செவ்வாய்

மைதானத்தில் வெட்டிக் காட்டினானாம். வெல்டர் சொல்லித்தான் தெரியும். ஓட்டப்பாதையின் கல் விளிம்பு வரும்போதெல்லாம் டெக் எழுந்து இறங்கியதாம், ஒரு கீறல் விழவில்லையாம். வேலை கிடைத்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

போய்விட்டான். கட்டில், இரண்டு பெட்டி, மாமனார். வெல்டரின் வண்டியில் முதல் தடவை சாமான், இரண்டாவது தடவை டிராக்டர். வாசலில் நின்று, சாவியை எங்கே வைக்க என்று கேட்டான். நீயே வெச்சுக்கோ என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கூடம் பெரிதாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

ஸ்டியரிங் மாற்றிய பஸ்ஸைச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளி வழியாகப் போக வேண்டியதில்லை, போனேன். வாசலில் வெல்டர் புது கேட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே தூரத்தில் டிராக்டர். தம்பி ஒரு கையால் வளைத்துத் திருப்பினான். கல் விளிம்பருகே டெக் எழுந்தது. நான் பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் போய் மெதுவாக இறங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஜூன் 27, வெள்ளி

சாயங்காலம் போன். அவன் எண். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

நலம் விசாரிக்கவில்லை. சிலிண்டரின் தண்டு ஓரத்தில் எண்ணெய் வடிகிறது, சீல் போயிருக்கும் போல, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன். சிலிண்டரைக் கழற்றித்தானே சீல் மாற்ற வேண்டும் என்றான். ஆமாம், அடியில் படுத்துத்தான் கழற்ற வேண்டும் என்றேன். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"நீ வர்றதுக்கு முன்னாடி டெக்குக்குக் கீழ கட்டை வெச்சிடுறேன்" என்றான்.

டிப்போவில் எத்தனை பேரிடம் இதை நானே சொல்லியிருக்கிறேன். மேலே இருப்பதை நம்பாதே, பிடித்திருக்கும் ஆளையும் நம்பாதே, கட்டை கொடுத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும் என்று.

"ரெண்டு கட்டையா வை" என்றேன்.

"சரி" என்றான். போனை வைத்துவிட்டான்.

பள்ளிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஏழரைக்கு.